சிறிசேனவின் தவணையும் சியோனின் கணக்கும்

இலங்கையின் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன உயர் நீதிமன்றத்தில் ஒரு தவணைத் திட்டத்தைச் சமர்ப்பித்தார். கட்டவேண்டியது 10 கோடி ரூபா. ஒன்றரைக் கோடி கட்டியாயிற்று. மிச்சம் எட்டரைக் கோடியை ஆண்டுக்கு 85 இலட்சம் வீதம் 2024இல் தொடங்கி 2033இல் முடித்துவிடுகிறேன், அவகாசம் தாருங்கள் என்பது கோரிக்கை. வீட்டுக்கடன் வாங்கியவர் வங்கி முகாமையாளரிடம் பேசுகிற பேச்சு இது. ஆனால் இந்தக் கடன் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் குண்டுவெடிப்புகளில் செத்துவிழுந்தவர்களுக்கானது. அன்று தகப்பனைப் பறிகொடுத்த பத்து வயதுப் பிள்ளைக்கு, கடைசித் தவணை வந்துசேரும்போது வயது 24 ஆகியிருக்கும்.

நீதிமன்றம் அந்தத் திட்டத்துக்கு இணங்கவில்லை. 2024 ஓகஸ்டுக்குள் முழுவதையும் கட்டச் சொன்னது, கட்டி முடித்தார். சட்டக் கணக்கு அத்தோடு தீர்ந்தது. குடும்பங்களின் கணக்கு தீர்ந்ததா என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு சாகாமல் மிஞ்சியவர்களையும், செத்தவர்களின் வீட்டாரையும் ஒரு நாடு எப்படித் தாங்கிப்பிடிக்க வேண்டும் என்ற கேள்விக்கு, சிறிசேனவைக் கட்டச் சொன்ன 2023 ஜனவரி 12ஆம் திகதித் தீர்ப்பு தெற்காசியாவிலேயே துணிச்சலான பதில் என்று கொண்டாடப்பட்டது. கொண்டாட்டத்தில் நியாயம் உண்டு. எவ்வளவு நியாயம் என்பதை அளந்து பார்க்கவேண்டும்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் தேவாலயம், மட்டக்களப்பு சியோன் தேவாலயம், கொழும்பில் ஷங்ரி-லா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி ஆகிய மூன்று விடுதிகள்: அன்று குண்டுகள் வெடித்த இடங்கள் இவை. 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுமார் 500 பேர் காயப்பட்டார்கள். இந்திய உளவுத்துறையிடமிருந்து ஏப்ரல் 4ஆம் திகதியே எச்சரிக்கை வந்திருந்தது. அது அரச புலனாய்வுச் சேவையிலிருந்து பாதுகாப்புச் செயலாளருக்கும் பொலிஸ் மா அதிபருக்கும் போய், கடிதங்களாகச் சுற்றி, எந்தத் தேவாலயத்தின் வாசலையும் எட்டாமல் நின்றுபோனது. பிரதமரைப் பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்கு அழைக்காமல் விட்டிருந்த ஜனாதிபதி, அன்று சிங்கப்பூரில் இருந்தார்.

இதை எதிர்த்து அடிப்படை உரிமை மீறல் மனுக்கள் 12 தாக்கலாகின. பிரதம நீதியரசர் ஜயந்த ஜயசூரிய தலைமையில் ஏழு நீதியரசர்கள் கேட்டார்கள். தீர்ப்பில் வந்த தொகைகள்: சிறிசேன 10 கோடி, பொலிஸ் மா அதிபராக இருந்த பூஜித் ஜயசுந்தர ஏழரைக் கோடி, அரச புலனாய்வுச் சேவைப் பணிப்பாளர் நிலந்த ஜயவர்தன ஏழரைக் கோடி, பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி, தேசிய புலனாய்வுத் தலைவர் சிசிர மெண்டிஸ் ஒரு கோடி. எல்லாம் சொந்தப் பணத்திலிருந்து, ஆறு மாதத்துக்குள். இவர்களோடு அரசும் கட்டவேண்டும்: 10 இலட்சம்.

அந்தக் கடைசித் தொகையை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வருகிறேன்.

முதலில் தீர்ப்பின் சிறப்பு. அதைப் புரிந்துகொள்ள வடக்குக்குப் போகவேண்டும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் உட்கார்ந்த காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார்கள், அரசு நீட்டிய நட்டஈட்டைத் தொடர்ந்து மறுத்து வந்திருக்கிறார்கள். 2022இல் அந்தத் தொகையை ஒரு இலட்சத்திலிருந்து இரண்டு இலட்சமாக உயர்த்தியபோதும் அவர்கள் வாயிலிருந்து வந்தது ஒரே கேள்விதான்: பிள்ளை எங்கே? பணத் தேவை இல்லாதவர்கள் என்று அவர்களை யாரும் சொல்லமுடியாது. பலர் கூலி வேலை செய்கிறவர்கள். ஆனாலும் என்ன நடந்தது, யார் செய்தது என்று சொல்லாமல் கொடுக்கப்படும் காசு, கோப்பை மூடுவதற்கான கையூட்டாகத்தான் அவர்களுக்குப் படுகிறது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

2023 தீர்ப்பு இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. இன்னார், இன்ன கடமையை, இன்ன நாட்களில் செய்யத் தவறினார். அதனால் இன்ன தொகை. காசுக்கு முன்னால் குற்றத்தின் பெயர் வருகிறது. நாட்டின் அதியுயர் பதவியில் இருந்தவரையே கைநீட்டிக் காட்டுகிறது. அதே ரூபா நோட்டு ஓர் அலுவலக மேசையிலிருந்து வந்தால் அவமானமாகவும், இந்தத் தீர்ப்பின் வழியாக வந்தால் அங்கீகாரமாகவும் ஆகிறது. அதற்கு முந்தைய ஆண்டு பெப்ரவரியில் ஹேமசிறி பெர்னாண்டோவையும் பூஜித் ஜயசுந்தரவையும் கொழும்பு மேல் நீதிமன்றம் குற்றவியல் வழக்கில் விடுவித்திருந்தது. அவர்கள் மீது சுமத்தப்பட்டிருந்த குற்றச்சாட்டுகள் 855. அத்தனையும் விழுந்துபோன பிறகு, யாரோ ஒருவர் பொறுப்பு என்று ஒரு நீதிமன்றம் எழுத்தில் சொன்னதே குடும்பங்களுக்கு முதல் ஆறுதல். தீர்ப்புக்குப் பின் சிறிசேன கத்தோலிக்க மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டதும் அதன் விளைவுதான்.

இதுவரை தீர்ப்பின் பக்கம். இனி அது உதவியாக எப்படி வேலை செய்தது என்று பார்ப்போம்.

ஆறு மாதக் கெடு 2023 ஜூலையில் முடிந்தது. சிறிசேன அதற்குள் கட்டியது ஒன்றரைக் கோடி. தன்னிடம் அவ்வளவு பணம் இல்லை, நண்பர்களிடம் சேர்த்துத்தான் கட்டவேண்டும் என்று அவர் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். மற்றவர்கள் கட்டியதும் சிறுகச் சிறுகத்தான். நீதிமன்றம் திரும்பத் திரும்ப அழைத்துக் கண்டித்துத்தான் பணம் நகர்ந்தது. நண்பர்கள் திரட்டிக் கொடுத்துக் கட்டலாம் என்றால், சொந்தப் பையிலிருந்து கொடுக்கவைத்து உறைக்கச்செய்வது என்ற நோக்கம் என்ன ஆயிற்று? இது ஒரு பக்கம். அதைவிடப் பெரியது மறுபக்கம்: காலில் உலோகத் துண்டு தங்கிவிட்ட ஒருவருடைய சத்திரசிகிச்சை, ஓய்வுபெற்ற ஓர் அதிகாரியின் வங்கிக் கணக்கில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்ததாக ஆகிவிட்டது. குற்றவாளி வசதியானவராக இருந்தால் நல்லது, ஏழையாக இருந்தால் உங்கள் தலைவிதி. இந்த ஏற்பாட்டை உதவி என்று சொல்ல நாக்கு எழவில்லை.

தொகையையும் பார்ப்போம். எல்லாம் சேர்த்து 31 கோடியே 10 இலட்சம். இறந்தவர்கள் குடும்பங்களுக்கு மட்டும் பிரித்தால் ஒரு உயிருக்குச் சுமார் 12 இலட்சம். காயப்பட்டவர்களையும் சமமாகச் சேர்த்தால் ஆளுக்கு 4 இலட்சம் சொச்சம். இந்த இடைவெளியில் நாடே வங்குரோத்தாகியிருந்தது. தாக்குதல் நடந்தபோது டொலர் ஒன்று சுமார் 175 ரூபா. தீர்ப்பு வந்தபோது 360ஐத் தாண்டியிருந்தது. 2022 செப்டெம்பரில் விலைவாசி ஓராண்டில் 70 வீதத்தை நெருங்கி ஏறியது. அரச வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு. நான்கு வருடம் பிந்தி வந்த தீர்ப்பு, தாமதத்தின் இழப்பையும் பாதிக்கப்பட்டவர் தலையிலேயே ஏற்றியது.

2019இல் அரசு ஒன்றுமே கொடுக்கவில்லை என்று சொன்னால் அது பொய். இறந்த ஒவ்வொருவருக்கும் 10 இலட்சம் அறிவித்தது. மரணச் செலவுக்கு உடனடியாக ஒரு இலட்சம். எல்லா உயிருக்கும் ஒரே தொகை என்ற கொள்கை சரியானது. ஏன் என்று அமெரிக்கக் கதையில் சொல்கிறேன். ஆனால் அந்தப் பணம் ஒரு தடவை கொடுத்துக் கைகழுவுகிற பணம். உழைக்கிற ஆள் செத்த வீட்டில் 10 இலட்சம் எத்தனை மாதம் நிற்கும்? காது கேளாமல் போனவருக்கும், இரவில் தூங்காத பிள்ளைக்கும், மூன்றாம் வருடத்தில் திரும்பவும் சீழ்வைக்கிற தீக்காயத்துக்கும் அதில் இடமே இல்லை.

முதல் நாட்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நான் பேசவேண்டும் என்று நினைக்கிறேன். தாக்குதல் நடந்த அன்றே அரசு ஊரடங்கு போட்டது. பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் முடக்கியது. வதந்தி பரவி முஸ்லிம்கள் தாக்கப்படக்கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம். அந்த அச்சம் வெறும் கற்பனை இல்லை. மே மாதம் குருநாகல், மினுவாங்கொடைப் பக்கங்களில் முஸ்லிம் வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஆனால் அதே ஞாயிற்றுக்கிழமை ஆயிரக்கணக்கானோர் தங்கள் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எந்த வைத்தியசாலை, எந்தப் பிணவறை, எந்த வார்ட்டு? சாதாரணக் குடும்பம் ஒன்று இன்று ஆளைத் தேடுவதே வாட்ஸ்அப்பில் படம் அனுப்பித்தான். அந்த வழியை அடைத்த அரசு, அதற்குப் பதிலாக என்ன வழி திறந்துவைத்தது? இறந்தவர் தொகை 359 என்று சொல்லப்பட்டு, நாலாம் நாள் 253 ஆகக் குறைக்கப்பட்டது. சிதைந்த உடல்களை இரட்டிப்பாக எண்ணிவிட்டார்கள் என்றது சுகாதார அமைச்சு. செய்தி வாசிப்பவருக்கு அது எண் திருத்தம். ஆளைக் காணாமல் அலைகிற வீட்டுக்கு, நூறு பேர் ஒரே நாளில் பிணக்கணக்கிலிருந்து இறங்கியபோது எழுந்த நம்பிக்கையும், பிறகு அது விழுந்ததும் எப்படி இருந்திருக்கும்?

பணக்கார நாடுகளும் இதில் தேறிவிடவில்லை. 2017இல் மான்செஸ்டர் அரங்கக் குண்டுவெடிப்பின் இரவில், உறவினர்கள் அழைக்கவேண்டிய அவசரத் தொலைபேசி இணைப்பே வேலை செய்யவில்லை. பெற்றோர் வைத்தியசாலை வைத்தியசாலையாக ஓடினார்கள். அடுத்த ஆண்டு வந்த கெர்ஸ்லேக் அறிக்கை இதை ஒளிக்காமல் எழுதியது. வித்தியாசம் அங்கே இருக்கிறது. இலங்கையில் எச்சரிக்கை எப்படித் தவறியது என்று விசாரித்த ஆணைக்குழு உண்டு, பாராளுமன்றத் தெரிவுக்குழு உண்டு, ஏழு நீதியரசர்கள் உண்டு. குடும்பங்களை அந்த முதல் 72 மணி நேரத்தில் எப்படி நடத்தினோம் என்று அதே கனத்தோடு உட்கார்ந்து விசாரித்தவர் யார்?

இப்போது பிரான்ஸ். அங்கு பயங்கரவாதத்தால் பாதிக்கப்பட்டோருக்கான நிதியம் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. 1983 டிசெம்பரில் பாரிஸில் ஓர் உணவகத்தில் குண்டு வெடித்துக் கால்கள் சிதைந்த பிரான்சுவாஸ் ருடெட்ஸ்கி, நடக்கமுடியாத நிலையிலும் அமைச்சர் வாசல்களில் நின்று போராடியதன் பலன் அது. அதன் அழகு பணம் வருகிற வழியில் இருக்கிறது. நாட்டில் வீடு, வாகனம், கடை என்று எவர் காப்புறுதி எடுத்தாலும், ஒப்பந்தம் ஒன்றுக்குச் சில யூரோக்கள் அந்த நிதியத்துக்குப் போகும். தாக்குதல் நடந்தால், குற்றவாளி யார், பிடிபட்டானா, அவனிடம் சல்லிக்காசு இருக்கிறதா என்று நிதியம் காத்திருக்காது. முற்பணம் வாரங்களில் போய்விடும். பிறகு பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று குற்றவாளியிடம் வசூலிக்கும் உரிமை நிதியத்துக்கு உண்டு. கடனைத் துரத்துகிற வேலை அரசுடையது, குடும்பத்துடையது இல்லை. 2015 நவம்பர் 13 பாரிஸ் தாக்குதல் வழக்கு 2021 செப்டெம்பரில்தான் தொடங்கிப் பத்து மாதம் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் அதில் தரப்பினராகச் சேர்ந்தார்கள். நட்டஈடு வாங்கியதால் நீதி கேட்கிற உரிமை பறிபோகவில்லை.

குறை இல்லாமல் இல்லை. நிதியத்தின் வைத்தியர் முன் திரும்பத் திரும்பப் போய்த் தங்கள் காயத்தை நிரூபிக்கவேண்டியிருக்கிறது என்று பாதிக்கப்பட்டோர் சங்கங்கள் பல ஆண்டுகளாகக் குமுறுகின்றன. 2015 பாரிஸ் தாக்குதலில் சிக்கியதாகப் பொய் சொல்லிப் பணம் வாங்கியவர்கள் சிலர் சிறைக்கும் போனார்கள். அது உண்மையானவர்கள் மேல் விழும் சந்தேகத்தை மேலும் கூர்மையாக்கியது. இருந்தும் அடித்தளம் உறுதி.

அமெரிக்கா வேறு பாதை எடுத்தது. 2001 செப்டெம்பர் 11க்குப் பதினோராம் நாள் நிதியச் சட்டம் கையெழுத்தானது. அந்த வேகத்தின் காரணம் இரக்கம் மட்டும் என்று நம்பவேண்டாம்; விமான நிறுவனங்கள் வழக்குகளில் மூழ்கிவிடும் என்ற பயம் அதே சட்டத்தில் இருந்தது. பணம் வேண்டுமா, விமான நிறுவனங்களை வழக்குக்கு இழுக்கமாட்டேன் என்று எழுதிக்கொடு. இறந்தவர்களின் குடும்பங்களில் 97 வீதம் எழுதிக்கொடுத்தன. நிர்வகித்தவர் கென்னத் ஃபைன்பெர்க் என்ற வழக்கறிஞர். இறந்தவர் உயிரோடு இருந்திருந்தால் எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்று கணக்குப் பார்க்கச் சட்டம் அவரைப் பணித்தது. விளைவு: ஒரு உயிருக்கு இரண்டரை இலட்சம் டொலர், இன்னொன்றுக்கு 71 இலட்சம். பங்குச்சந்தைத் தரகரும் அதே கட்டடத்தில் தட்டுக் கழுவியவரும் ஒரே நெருப்பில் செத்தார்கள், விலை வெவ்வேறு. என் மகன் மட்டும் ஏன் மலிவு என்று கேட்ட குடும்பங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அனுபவத்துக்குப் பிறகு, எல்லோருக்கும் ஒரே தொகைதான் கொடுத்திருக்கவேண்டும் என்று ஃபைன்பெர்க்கே எழுதினார். 2013 பொஸ்டன் மரதன் குண்டுவெடிப்பின் நன்கொடை நிதியையும் அவர்தான் பிரித்தார்; அங்கே சம்பளச் சீட்டைப் பார்க்கவில்லை, காயத்தின் தன்மையை மட்டும் பார்த்தார். ஆக, ஒரே தொகை என்ற விஷயத்தில் 2019இன் இலங்கை, 2001இன் அமெரிக்காவைவிட மேலான இடத்தில் நின்றது. தொகைதான் கைகொடுக்கவில்லை.

பணத்தை விட்டு ஆளுக்கு வருவோம். மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் அன்று நடந்தது பலருக்கும் தெரியும். ஞாயிறு பாடசாலை முடிந்து பிள்ளைகள் முற்றத்தில் நின்ற நேரம். தோள்பையோடு உள்ளே போக முயன்றவனைச் சபையார் ஒருவர் முற்றத்திலேயே மறித்தார். அங்கேயே வெடித்தது. நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள்கள் எரிந்தன. இறந்த சுமார் முப்பது பேரில் ஏறத்தாழப் பாதிப்பேர் பிள்ளைகள்.

கொச்சிக்கடைத் திருத்தலம் இரண்டு மாதத்துக்குள் திருத்தித் திறக்கப்பட்டது. கட்டுவாப்பிட்டியவும் விரைவில் எழுந்தது. சியோனின் கட்டடத்துக்கு அந்த வேகம் கிடைக்கவில்லை. சபை வேறிடத்தில் கூடி ஆராதித்தது. கட்டடத்தை விடுவோம். கத்தோலிக்கக் குடும்பங்களுக்குக் கொழும்பு மறைமாவட்டம் இருந்தது. அதன் சமூகப் பணி அமைப்பான செத் சரண வீடு வீடாகப் போய் உளவளத்துணை, படிப்புச் செலவு, வைத்தியம் என்று ஆண்டுக்கணக்கில் பார்த்தது. கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஆண்டகை ஒவ்வொரு ஆண்டும் உண்மையைச் சொல் என்று அரசை நெருக்கினார். 2022 ஏப்ரலில் பாதிக்கப்பட்டவர்களை வத்திக்கானுக்கே அழைத்துப்போய்ப் போப்பாண்டவர் முன் நிறுத்தினார். சியோன் ஒரு சுதந்திர சுவிசேஷ சபை. அதற்கு ஆண்டகை இல்லை, மறைமாவட்டம் இல்லை, வத்திக்கான் இல்லை. சபையாரும் போதகர்களும் தங்களால் முடிந்ததைச் செய்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபை செய்ததில் குறை காண நான் இதைச் சொல்லவில்லை. அது செய்யாவிட்டால் யாரும் செய்திருக்கமாட்டார்கள். ஆனால் செத்தவர் எந்தச் சபையில் ஜெபித்தார் என்பதைப் பொறுத்து வீட்டுக்கு வரும் ஆளின் எண்ணிக்கை மாறுவது ஒரு குடியரசுக்கு அழகா?

இதற்கு மறுமொழி நோர்வேயில் இருக்கிறது. 2011 ஜூலை 22இல் 77 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 69 பேர் ஊட்டோயா தீவில், பெரும்பாலும் இளைஞர்கள். உயிர்தப்பியவர்கள் நாடெங்கும் சிதறிய ஊர்களைச் சேர்ந்தவர்கள். சுகாதார இயக்குநரகம் எல்லா நகராட்சிகளுக்கும் சொன்னது சின்ன விஷயம்: ஒவ்வொருவருக்கும் ஒரு தொடர்பாளரை நியமியுங்கள், அவர்கள் உங்களைத் தேடி வரும்வரை காத்திராமல் நீங்கள் அழையுங்கள், குறைந்தது ஓராண்டு விடாதீர்கள். நொந்துபோனவர் உதவி கேட்டு வரமாட்டார் என்ற அறிவு அதில் இருக்கிறது. முதலில் பெரும்பாலோரை எட்டிய அந்த உதவி, காலம் போகப் போகச் சிலருக்கு மெலிந்துவிட்டதை அங்குள்ள ஆய்வாளர்களே சுட்டிக்காட்டினார்கள். சரி, மெலிந்தது, ஆனால் இருந்தது.

நோர்வே பணக்கார நாடு, நமக்கு ஒத்துவராது என்பார்கள். இலங்கையில் கிராம சேவகர் இல்லாத ஊர் உண்டா? பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் இல்லையா? 260 குடும்பங்களுக்கும் 500 காயக்காரருக்கும் பெயர் குறித்து ஒரு ஆளை ஒதுக்கி, மாதம் ஒருமுறை கதவைத் தட்டச் சொல்வதற்கு உலக வங்கிக் கடன் தேவையில்லை. வருகிறவர் அந்த வீட்டுக்காரர் பேசுகிற மொழியில் பேசினால், படிவமும் அதே மொழியில் இருந்தால், பாதி வேலை முடிந்தது.

தீர்ப்பை ஆதரிப்பவர்கள் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. அரசு கட்டும் பணம் மக்கள் பணம். அதிகாரி செய்த தவறுக்கு, அதே தாக்குதலில் பிள்ளையை இழந்த தகப்பனும் வரியாகக் கட்டவேண்டுமா? தவறியவன் கட்டட்டும், அப்போதுதான் அடுத்த பொலிஸ் மா அதிபர் எச்சரிக்கைக் கடிதத்தை இழுப்பறையில் போடமாட்டார். இதை நான் பாதி ஏற்கிறேன். தண்டிக்கிற வேலைக்கு அதுவே சரி. ஆனால் காப்பாற்றுகிற கடமையில் தவறியது ஐந்து தனிமனிதர்கள் மட்டும்தானா? ஜனாதிபதியும் பிரதமரும் பேசிக்கொள்ளாத அரசாங்கம், ஒருவருக்கொருவர் தகவல் மறைத்த துறைகள் என்று அரசு என்ற முழு உருவமும் தவறியது. அன்றைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க பிற்பாடு ஜனாதிபதியானதால், பதவிக்குரிய விலக்குரிமை காரணமாக வழக்கிலிருந்தே விடுவிக்கப்பட்டார். அப்படியிருக்க, 31 கோடியே 10 இலட்சத்தில் அரசின் பங்கு 10 இலட்சம். ஆயிரத்தில் மூன்று பங்கு. இறந்த ஒருவரின் குடும்பத்துக்கு 2019இல் அறிவித்த தொகைக்குச் சமம். இவ்வளவு கூர்மையான தீர்ப்பில் இந்த ஒரு வரி மழுங்கிப்போயிருக்கிறது.

நான் பார்த்தவரை இதன் வேர் இரண்டு வேலைகளை ஒரே பையில் போட்டதில் இருக்கிறது. குற்றத்துக்கான காசு வேறு, வாழ்க்கைக்கான காசு வேறு. முன்னது தாமதமாகலாம், தவணையாகலாம், நீதிமன்றம் விரட்டி வசூலிக்கலாம். அதன் மதிப்பு அது யாரிடமிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. பின்னது நாளைக்கே வேண்டும். யாரிடமிருந்து வந்தாலும் சரி. பின்னதைக் கொடுப்பதற்கு எந்தக் கையெழுத்தும் கேட்கக்கூடாது, வழக்கை விடு என்று அமெரிக்கா கேட்டதுபோல. கிளிநொச்சித் தாய்மார்களிடம் அரசு கற்றிருக்கவேண்டிய பாடமும் இதுவே: உண்மையைத் தேடுவதற்கான உரிமையைத் தொடாமல் கொடுக்கிற பணத்துக்கு வேறு முகம் இருக்கும்.

ஆகவே என் தீர்ப்பு: பொறுப்பை நிலைநாட்டிய அளவில் 2023இன் தீர்ப்பு நிற்கும்; தெற்காசியாவில் வேறெந்த நீதிமன்றமும் பின்பற்றத் தக்கது. பாதிக்கப்பட்டவர்களைத் தாங்குகிற ஏற்பாடாக அது தோற்றது. குற்றம் அதிகம் நீதியரசர்களுடையது இல்லை. அவர்கள் கையில் இருந்த கருவி அவ்வளவுதான். குற்றம், நிலையான நிதியம் ஒன்றை முன்கூட்டியே கட்டிவைக்காத அரசுகளுடையது. இந்த நிதியம் உயிர்த்த ஞாயிறுக்கு மட்டும் என்றும் இருக்கமுடியாது. 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் விடுதலைப் புலிகள் சுட்டுக்கொன்ற நூறுக்கும் மேற்பட்டோரின் குடும்பங்கள், 1996 ஜனவரியில் மத்திய வங்கிக் குண்டில் கண்ணிழந்தவர்கள், 2019 மே மாதக் கலவரத்தில் வீடும் கடையும் எரிக்கப்பட்டவர்கள் எல்லோரும் அதே வாசலில் நிற்க உரிமை உள்ளவர்கள். அவர்களுக்காக எந்த ஏழு நீதியரசர்களும் உட்காரவில்லை.

பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு, இலங்கையில் ஏற்கெனவே இருக்கிற ஒன்றைக் காட்டலாம். வேலைநிறுத்தம், கலகம், உள்நாட்டுக் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான காப்புறுதி நிதி என்று ஒன்று பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. இப்போது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதை நடத்துகிறது. வாகனத்துக்கோ கட்டடத்துக்கோ காப்புறுதி எடுப்பவர் செலுத்தும் கட்டணத்தின் ஒரு பங்கு அதற்குப் போகிறது. கிட்டத்தட்ட பிரெஞ்சு முறைதான். ஒரே ஒரு வித்தியாசம்: இது பொருளுக்கு. சியோன் முற்றத்தில் எரிந்த மோட்டார் சைக்கிளுக்கு அந்தக் காப்புறுதி இருந்திருந்தால், அதற்குப் பணம் கிடைத்திருக்கும். பக்கத்தில் நின்ற பிள்ளைக்கு அந்த நிதியில் கணக்கே இல்லை.

மனம் இருந்தால் அரசுக்கு வேகமும் உண்டு. 2022 மே 9 கலவரத்தில் வீடுகள் எரிந்த 43 பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு 120 கோடி ரூபாவுக்கு மேல் நட்டஈடு கொடுத்திருப்பதாக 2025 பெப்ரவரியில் பாராளுமன்றத்தில் பட்டியல் வாசிக்கப்பட்டது. வீடு எரிந்தவருக்கு நட்டஈடு கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பணத்துக்காக எவரும் அடிப்படை உரிமை மனுப்போட்டு நான்கு வருடம் காத்திருக்கவில்லை. எந்த முன்னாள் ஜனாதிபதியும் அதற்காக நண்பர்களிடம் கைமாற்று வாங்கவில்லை. சியோனுக்கும் கட்டுவாப்பிட்டியவுக்கும் கொச்சிக்கடைக்கும் சேர்த்து நீதிமன்றம் விதித்த தொகையைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு அது, முழுவதும் அரசின் பணத்திலிருந்து.